ஈச்சங்கொட்டாயின் ஆறாவது இலக்கு

ஜனவரி 8, வியாழன்

டெல்லியில் விருது விழா. எங்கள் பல்கலைக்கழக அரங்கில் பெரிய திரை கட்டி நேரலையில் காட்டினார்கள். ஆசிரியர்கள் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று சுற்றறிக்கை போட்டிருந்ததால் நானும் போய் உட்கார்ந்தேன். எங்கள் டீன் தணிகாசலம் சந்தன நிறக் கோட்டு போட்டுக்கொண்டு மேடை ஏறினார். நீடித்த வளர்ச்சி இலக்குகள் பதினேழில் ஆறாவதான சுத்தமான குடிநீருக்காக ஈச்சங்கொட்டாய் கிராமத்தில் நாங்கள் அமைத்த நிலையம் என்று ஆரம்பித்து, "திஸ் இஸ் மை பேபி" என்று நெஞ்சில் கை வைத்தார்.

பேபியாம். அதற்கு இடம் தேடி அலைந்தது நான். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்துக் கிடந்தது நான். தர்மபுரிப் பக்கத்தில் பல ஊர்களைப் போல அங்கேயும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஊரில் பாதிப் பேருக்குப் பல் பழுப்பு, வயதானவர்களுக்கு முழங்கால் வளைவு. வெள்ளை அலுமினா மணிகள் நிரப்பிய தொட்டி வழியாகத் தண்ணீரை விட்டால் மணிகள் ஃப்ளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த மணிகளை மூட்டை மூட்டையாக என் காரின் பின்சீட்டில் போட்டுக் கொண்டுபோய் இறக்கியதும் நான்தான். டீன் அந்த ஊருக்கு வந்தது ரிப்பன் வெட்டுவதற்கு ஒரு தடவை.

என் பெயரைச் சொல்வார் என்று கடைசி வரை காத்திருந்தேன். "அண்ட் மை டீம்" என்றார். பக்கத்திலிருந்த கெமிஸ்ட்ரி மேடம் என் கையைத் தட்டி, "டீம்னு உங்களத்தான் சொல்றார் வசுமதி" என்றாள். அவள் வாயில் மண்ணைப் போட வேண்டும் போலிருந்தது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

வரும் வழியில் இட்லி மாவு வாங்கினேன். அதுவும் புளித்த மாவு.

ஜனவரி 9, வெள்ளி

ஆர்டர் வந்துவிட்டது. ஈச்சங்கொட்டாய் திட்டத்தில் நான் இனி இல்லை. 'பதினேழு இலக்குகள் பிரிவு' என்று புதிதாக ஒன்று தொடங்கி, மற்றவர்கள் செய்ததையெல்லாம் அறிக்கையாக எழுதும் வேலைக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள். கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போட்டார்கள். இந்த ஆளை நான் சும்மா விடப்போவதில்லை.

ஜனவரி 19, திங்கள்

இன்று டீன் அறையில் கூட்டம். இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இன்றிலிருந்துதான் எனக்கு மூச்சே சீராக வருகிறது.

நிர்வாகக் கட்டிடத்தின் முகப்பில் ஒரு ராட்சதத் திரை வைத்திருக்கிறார்கள். பதினேழு இலக்குக்கும் பதினேழு நிறத்தில் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கும். நட்ட மரம், படித்த பெண்கள், மிச்சமான மின்சாரம். ஆறாவது கட்டத்தில் ஈச்சங்கொட்டாய்க்கு இன்று கொடுத்த தண்ணீர் எத்தனை லிட்டர் என்று ஓடும். பல்கலைக்கழகச் சேர்மன் காரைவிட்டு இறங்கியதும் அதன் முன்னால்தான் ஒரு நிமிடம் நிற்பார், சாமி கும்பிடுவது போல.

அலுமினா மணிகள் சில மாதத்தில் ஃப்ளோரைடால் நிரம்பிவிடும். நிலையத்தை மூன்று நாள் நிறுத்தி, காஸ்டிக் சோடாவால் கழுவி, பிறகு நீர்த்த அமிலம் விட்டு அலசினால் மறுபடி வேலை செய்யும். என் இடத்துக்கு வந்த சிவில் துறை லெக்சரர் அதைக் கேட்டார். "சார், இந்த மாசம் மணி கழுவணும்னு மேடம் குறிப்புல இருக்கு."

டீன் பதறிப்போனார். "மூணு நாள் நிறுத்தினா திரையில ஜீரோ காட்டுமே! மார்ச்ல தரவரிசைக் குழு வருது. கிராஃப் எங்கயும் கீழ விழக் கூடாதுன்னு சேர்மன் சொல்லியிருக்கார். குழு போனப்புறம் கழுவிக்கலாம்." பிறகு என்னைப் பார்த்துப் பல்லை இளித்தார். "என்ன வசுமதி, கொஞ்சம் தள்ளிப் போட்டா ஒண்ணும் ஆயிடாதே?"

ஆகும். மணி நிரம்பிவிட்டால் தண்ணீர் உள்ளே போன மாதிரியே வெளியே வரும். ருசி மாறாது, நிறம் மாறாது, குடிக்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவர் தலைக்குப் பின்னால் சுவரில் அந்த விருது தொங்குவதைப் பார்த்தேன்.

"நீங்க பாத்துச் செய்யுங்க சார். நான்தான் இப்ப அதுல இல்லையே" என்றேன்.

"குட்" என்றார். தன் குழியைத் தானே வெட்டிக்கொண்டு, அதற்கு எனக்கு நன்றியும் சொன்னார்.

ஜனவரி 20, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

அறிக்கைக்குப் படம் வேண்டும் என்று சொல்லி ஈச்சங்கொட்டாய் போனேன். மாதம்மா இருந்தாள். அங்கே மகளிர் குழுத் தலைவி அவள்தான், நிலையத்தின் சாவியும் அவளிடம்தான். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். அந்த ஊர்ப் பழுப்புப் பல். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பெண் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். குழந்தைக்கு இன்னும் பல் வரவில்லை.

"இவளுக்காச்சும் வெள்ளப் பல்லு வரும்ல மேடம்? உங்க தண்ணி குடிச்சி வளர்றவளாச்சே" என்றாள்.

நான் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினேன். கிளம்பும்போது குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். "எதுக்குங்க மேடம் பாட்டில்?" என்றாள். "வழியில குடிக்க" என்றேன். வறுத்த வேர்க்கடலை ஒரு பை நிறையக் கொடுத்தாள்.

லேபில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சோதித்தேன். சிவப்புச் சொட்டு மருந்தைத் தண்ணீரில் விட வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் சிவப்பாகவே இருக்கும், ஃப்ளோரைடு அதிகம் என்றால் மஞ்சளாகும். விட்டேன். எலுமிச்சை ஜூஸ் மாதிரி ஆனது. இவ்வளவு சீக்கிரம் ஆகும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. கழுவி ஊற்றிவிட்டுக் கடலையைக் கொறித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 14, சனி

அறிக்கைக்கான படப்பிடிப்பு. எங்கள் வழக்கத்தை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரே தண்ணீர் நிலையம், ஒரே பெண்கள், ஒரே வேப்பமரம். ஆனால் ஆறாவது இலக்குக்கு வெளிர்நீலப் புடவையும் வெளிர்நீலப் பேனரும். அதே பெண்கள் போய் மாற்றிக்கொண்டு வந்தால் பச்சைப் புடவையில் மூன்றாவது இலக்கு, நல்ல ஆரோக்கியம். ஆரஞ்சுச் சிவப்பு என்றால் ஐந்தாவது, பாலினச் சமத்துவம். இப்படி ஒரு தொட்டியை வைத்து ஏழு இலக்கை முடித்துவிட்டோம். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மேதை டீன்தான்.

ஊர்ப் பெண்களுக்கு இப்போது இலக்கெல்லாம் நிறமாகத்தான் தெரியும். "இன்னிக்கி எந்தக் கலருங்க சார்? பச்சையின்னா எங்கிட்ட இல்லீங்க, நாத்தனார் கிட்ட வாங்கணும்" என்று ஒருத்தி கேட்டாள். டீன் அதைக்கூட நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.

போட்டோகிராபர் மாதம்மாவிடம் கையை எடுத்துவிட்டுச் சிரிக்கச் சொன்னார். அவள் எடுக்கவில்லை. "பரவால்ல, கூச்ச சுபாவம், ஆர்கானிக்கா இருக்கு" என்றார் டீன். ஆள் தன்னை மறந்து குளிர்ந்துபோயிருக்கிறார். குளிரட்டும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

என் வீட்டுக்காரர் காலையில் காபி குடித்துக்கொண்டே, "இப்பல்லாம் தனியா சிரிச்சிக்கிறியே, என்ன விஷயம்?" என்று கேட்டார். மின்வாரியத்தில் இருப்பவரிடம் சொன்னால் என்ன ஆகப் போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். குழு வரும் நாளில், அத்தனை பேர் முன்னால், அந்த ஆளின் மூக்கு எப்படி அறுபடப் போகிறது என்பது வரை.

பாராட்டுவார் என்று பார்த்தால், "அப்ப அந்தத் தண்ணிய ஊர்ல இப்பவும் குடிச்சிட்டா இருக்காங்க?" என்றார்.

"வருஷக்கணக்கா அத விட மோசமான தண்ணியத்தான் குடிச்சாங்க. இன்னும் சில வாரத்துல என்ன ஆயிடும்?"

"அது கூடாதுன்னுதானே நீ கட்டின?"

எனக்கு அப்படிக் கோபம் வந்தது. மூன்று வருஷ உழைப்பை ஒருவன் கண்ணெதிரே வாரிக்கொண்டு போனால் எப்படி எரியும் என்று இவருக்கு என்ன தெரியும்? நான் தண்ணீரைக் கெடுக்கவில்லை. கழுவாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னவன் ஜம்மென்று இருக்கிறான், கேள்வி மட்டும் என்னிடம்.

இவருக்குப் பிடிக்காத சுரைக்காய்க் கூட்டு வைத்தேன்.

மார்ச் 4, புதன்

மதியம் மாதம்மா போன் செய்தாள். பின்னால் குழந்தை அழும் சத்தம்.

"மேடம், முன்னல்லாம் மணி கழுவறோம்னு வந்து தொட்டிய நிறுத்துவீங்களே. இந்தத் தரம் ஒருத்தரும் வரலீங்க. சிவில் சாரக் கேட்டா டீனக் கேளுன்றாரு. எனக்குத் தாய்ப்பால் பத்தல, பாப்பாவுக்கு இந்தத் தண்ணியிலதான் பால்மாவு கலக்கறேன். தண்ணி நல்லாத்தானே இருக்குதுங்க?"

குழு வர இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. தண்ணீர் நன்றாக இல்லை என்று இப்போது சொன்னால் அவள் ஊரையே கூட்டுவாள். டீன் காதுக்குப் போகும், ராத்திரியோடு ராத்திரியாக ஆள் விட்டுக் கழுவிவிடுவார், வந்தவர்களிடம் அதற்கும் ஒரு விருது வாங்கிக்கொள்வார்.

"நல்லாத்தான் இருக்கு மாதம்மா. கவலப்படாத" என்றேன்.

"நீங்க சொன்னா போதும் மேடம்" என்று வைத்துவிட்டாள்.

நான் சொன்னதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. நான் சோதித்தது போன மாதத் தண்ணீரை. இந்த வாரத் தண்ணீரை நான் பார்க்கவே இல்லை.

மார்ச் 5, வியாழன்

தலைவலி. லீவு போட்டுவிட்டுத் துணி துவைத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

குழுவின் பயணத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. பதினேழு இலக்குகள் பிரிவு என்று மூலையில் உட்கார வைத்தார்களே, அதனால் கிடைத்த வரம். ஈச்சங்கொட்டாய் நிகழ்ச்சியில், வரவேற்புக்கும் மரம் நடுவதற்கும் நடுவில், 'விருந்தினர் கையால் நீர்ப் பரிசோதனை' என்று ஒரு வரி சேர்த்தேன். டீன் படித்துப் பார்த்து, "வெரி நைஸ் டச், வசுமதி" என்று கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

நடந்துவிட்டது.

புனேவிலிருந்து வந்த ஒரு பேராசிரியைதான் குழுத் தலைவி. அவரோடு இரண்டு பேர். ஊர்ப் பெண்கள் வெளிர்நீலப் புடவையில் வரிசையாக நின்று ஆரத்தி எடுத்தார்கள். துணைவேந்தர், சேர்மனின் மகன், இரண்டு தொலைக்காட்சிக் கேமரா. டீன் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தார். கேமரா பக்கம் திரும்பி மடக் மடக்கென்று குடித்து, "பியூர்!" என்று டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். இந்தத் தடவை நான் மனதாரத் தட்டினேன்.

பிறகு கண்ணாடிக் குழாயையும் சிவப்பு மருந்தையும் தட்டில் வைத்து நானே அந்த அம்மாவிடம் நீட்டினேன். சிவப்பு மாறாவிட்டால் நல்ல தண்ணீர், மஞ்சளானால் ஃப்ளோரைடு என்று தமிழிலும் இங்கிலீஷிலும் விளக்கினேன். அவர் சிரித்தபடி சொட்டு விட்டார். குழாயைத் தூக்கிப் பிடித்தார். வெயிலில் அந்த மஞ்சள் பளிச்சென்று எல்லோர் கண்ணிலும் பட்டது.

"மருந்து பழசு. எக்ஸ்பைரி ஆயிருக்கும்" என்றார் டீன்.

இதைத்தான் சொல்வார் என்று தெரிந்து, சீல் உடைக்காத கடைத் தண்ணீர் பாட்டில் ஒன்று வைத்திருந்தேன். அதில் விடச் சொன்னேன். குங்குமச் சிவப்பு. அப்படியே நின்றது.

அந்த அம்மா டீனிடம், கடைசியாக எப்போது மணிகளைக் கழுவினீர்கள் என்று கேட்டார். டீன் சிவில் லெக்சரரைப் பார்த்தார். லெக்சரர் தரையைப் பார்த்தார். பிறகு டீன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்!

"எனக்குத் தெரியாது மேடம். ஜனவரியிலிருந்து நான் இந்தத் திட்டத்தில் இல்லை. இது டீன் அவர்களின் பேபி" என்றேன்.

முகம் செத்துப்போய்விட்டது மனிதருக்கு. காரில் ஏறும்போது கால் இடறியது. சந்தன நிறக் கோட்டு நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் இனிக்கிறது.

பெண்கள் வரிசை கலைந்து ஆளுக்கு ஆள் ஏதோ கேட்டுக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாதம்மா மட்டும் குழந்தையோடு தொட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் அந்தப் பக்கம் போக எனக்கு நேரமில்லை.

சாயங்காலம் இரண்டு முறை போன் செய்திருக்கிறாள். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். இவரிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டார். பாராட்டத் தெரியாத ஜென்மம்.

மார்ச் 18, புதன்

கேமராவில் டீன் குடிக்கும் காட்சியும் மஞ்சள் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட வீடியோ வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றுகிறது. எனக்கே பதினோரு பேர் அனுப்பினார்கள். கெமிஸ்ட்ரி மேடம் தானாக வந்து காபி வாங்கிக் கொடுத்தாள்.

மாதம்மாவுக்குப் போன் செய்ய மறந்துவிட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

தணிகாசலம் நீண்ட விடுப்பில் போய்விட்டார். உடல்நிலை என்று சொல்கிறார்கள். துணைவேந்தர் கூப்பிட்டு, "உங்களுக்கு அநியாயம் நடந்திருக்கு, இனி நீங்கதான் எல்லாம் பாக்கணும்" என்று பொறுப்பு டீன் ஆர்டரைக் கொடுத்தார். அதே அறை. சுவரில் விருது மாட்டிய ஆணி மட்டும் இருக்கிறது.

முதல் கையெழுத்து, ஈச்சங்கொட்டாய் நிலையத்தை நிறுத்தி மணி கழுவும் உத்தரவு. முகப்புத் திரையில் ஆறாவது கட்டம் மூன்று நாள் ஜீரோ காட்டும். காட்டட்டும். இரண்டாவது கையெழுத்து, நிலையத்துக்குப் புதுப் பெயர்ப்பலகை. வடிவமைத்தவர்: முனைவர் வசுமதி குணசேகரன். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன்.

ஏப்ரல் 6, திங்கள்

மணி கழுவியாயிற்று. நானே கூட நின்று கழுவ வைத்தேன். லேபில் சோதித்தேன், சிவப்பு மாறவே இல்லை. காலையில் வெளிர்நீலப் புடவை கட்டிக்கொண்டு, பெயர்ப்பலகை, பேனர், போட்டோகிராபர் எல்லோரோடும் ஈச்சங்கொட்டாய் போனேன். வருவதை மகளிர் குழுவுக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தேன்.

நிலையத்தில் யாரும் இல்லை. சாவி பூட்டிலேயே தொங்கியது. மோட்டாரைப் போட்டுவிட்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். எங்களைத் தாண்டி, பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய அடிபம்புக்குப் போனார்கள். கைப்பிடியை ஆட்டும் கிறீச் சத்தம் இங்கே வரை கேட்டது. அந்தத் தண்ணீரை வேண்டாம் என்று சொல்லத்தான் மூன்று வருஷம் இந்த ஊருக்கு நடையாய் நடந்தேன்.

கடைசியாக மாதம்மா வந்தாள். வழியில் நின்று கூப்பிட்டேன். "மாதம்மா, அதுல பிடிக்காதம்மா. அது கெட்ட தண்ணி."

"தெரியும்ங்க. தெரிஞ்சிதான் பிடிக்கறோம். பாப்பாவுக்கு மட்டும் கேன் தண்ணி வாங்கறேன்."

"இப்ப இதுல தண்ணி நல்லா இருக்கு. நானே கழுவி, நானே சோதிச்சிப் பாத்தேன்."

"அன்னிக்கிப் போன்லயும் நல்லாருக்குன்னுதான் மேடம் சொன்னீங்க."

"அன்னைக்கு எனக்குத் தெரியாது மாதம்மா" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. முந்தானையால் வாயையும் மூடிக்கொள்ளவில்லை. "மொதல்ல ஒருநா வந்து பாட்டில்ல பிடிச்சிக்கினு போனீங்களே, அது வழியில குடிக்கத்தானுங்களா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தணிகாசலத்தைப் பற்றிச் சொன்னேன். திரையைப் பற்றி, விருதைப் பற்றி, கழுவ விடாமல் தடுத்தது யார் என்பதைப் பற்றி. அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பம்படியில் மற்ற பெண்களும் கைப்பிடியை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. டம்ளரை எடுத்துக் குழாயில் நிறையப் பிடித்து, அவர்கள் எல்லோரும் பார்க்கக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். போட்டோகிராபர் நான் சொல்லாமலே படம் எடுத்தார்.

"டீன் சாரும் இப்படித்தான் குடிச்சிக் காட்டினாருங்க" என்றாள் மாதம்மா. குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு அடிபம்புக்குப் போய் வரிசையில் நின்றாள்.

தொட்டி நிரம்பித் தண்ணீர் வாசலில் வழிய ஆரம்பித்தது. நல்ல தண்ணீர். அதை நிறுத்த அங்கே ஆள் இல்லாததால் நானே போய் மோட்டாரை நிறுத்தினேன்.